செம்புத் தண்ணீரும் 12 நாள் பயிற்சியும்

"பன்னிரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியில் தங்கணுமா? அதெல்லாம் முடியாது. நீ ஒண்ணும் போக வேண்டாம்!"

2022-ம் ஆண்டு ஒரு சாயங்காலம் என் பெண் காலேஜிலிருந்து வந்து ஒரு பாரத்தை நீட்டியபோது நான் சொன்ன பதில் இதுதான். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியும் கையுமாக நின்றபடியே பாரத்தை வாங்கிப் பார்த்தேன். 'ஆப்த மித்ரா' என்று போட்டிருந்தது. ஆபத்துக் காலத்து நண்பர் என்று பொருளாம். வெள்ளம், புயல், தீ விபத்து என்று வந்தால் அரசாங்கத்து ஆட்கள் வந்து சேரும் வரை ஊரில் இருப்பவர்களே முதல் உதவி செய்வதற்கான பயிற்சி. 18 வயதிலிருந்து 40 வயதுக்குள் இருப்பவர்கள் சேரலாம்.

"பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு? கயிறு கட்டித் தொங்கறதும் தண்ணியில குதிக்கறதுமா? நாளைக்கு ஒரு கையோ காலோ போனா யாரு கட்டிப்பா?" என்று என் மாமியார் தன் பங்குக்குச் சொன்னார். எப்போதும் மாமியாரோடு ஒத்துப்போகாத நான், அன்றைக்கு மட்டும் "அப்படிச் சொல்லுங்க அத்தை" என்று சேர்ந்துகொண்டேன்!

என் கணவர் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாரத்தை முழுவதும் படித்தார். "கடலூர்ல இருந்துகிட்டு நாமளே இதைக் கத்துக்க வேண்டாம்னா, வேற யாரு கத்துக்கறது?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு நாள் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

என் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதை என் பெண்ணிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அப்போது எனக்கு 24 வயது. இந்தப் பெண் ஒரு வயதுக் குழந்தை. கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளித்தான் எங்கள் வீடு. காலை இட்டிலிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். "கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு" என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். கடலாவது, ஊருக்குள் வருவதாவது! சுனாமி என்ற வார்த்தையே அன்றுதான் எங்களுக்கெல்லாம் தெரியும்.

தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வந்த ஒரு ஆட்டோ, கூட்டத்தில் மேலே போக முடியாமல் எங்கள் தெருமுனையில் நின்றுவிட்டது. அதிலிருந்து ஒரு பையனைத் தூக்கி ஒரு வீட்டுத் திண்ணையில் கிடத்தினார்கள். எட்டு, ஒன்பது வயது இருக்கும். உடம்பெல்லாம் மணல். காயம் ஒன்றும் பெரிதாக இல்லை, தூங்குகிற மாதிரி கிடந்தான். கூட வந்த அம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். எல்லோரும் அவளைத்தான் பிடித்துக்கொண்டோம்.

ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் வயிற்றை அழுத்தித் தண்ணீரை எடுக்கச் சொன்னார். ஒருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். குயவர் சக்கரத்தில் வைத்துச் சுற்றினால் தண்ணீர் இறங்கும் என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் இடுப்பில் குழந்தையும் கையில் ஒரு செம்புத் தண்ணீருமாக நின்றேன். தண்ணீரில் மூழ்கி வந்த பிள்ளைக்குத் தண்ணீர்! அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். கால் மணி நேரம் இப்படியே போயிற்று. பிறகு வேறொரு வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. அவன் பிழைக்கவில்லை என்று சாயங்காலம் கேள்விப்பட்டோம்.

அன்று தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் போனார்கள். எங்கள் கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்களின் எண்ணிக்கை ஆண்களைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று ஆக்ஸ்பாம் என்ற தொண்டு நிறுவனம் 2005-ல் கணக்கெடுத்துச் சொன்னது. ஆண்கள் பலர் ஆழ்கடலில் படகில் இருந்தார்கள், அங்கே அலை பெரிதாகத் தெரியவில்லை. பெண்கள் மீனை எதிர்பார்த்துக் கரையில் இருந்தார்கள். பலருக்கு நீச்சல் தெரியாது, மரம் ஏறத் தெரியாது. கையில் பிள்ளை வேறு.

இதையெல்லாம் பார்த்த எனக்குத் தண்ணீர் என்றாலே ஒரு நடுக்கம். பெண்ணை நீச்சல் வகுப்புக்குக்கூட அனுப்பியதில்லை. பயத்தினால் பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

பெண் போய்விட்டாள். தினம் ராத்திரி போன் பேசுவாள். முதல் இரண்டு நாள் "ம், சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றாம் நாள் அவளே, "அம்மா, நம்ம வீட்டுப் பிளாஸ்டிக் குடம் இருக்கில்ல, அதை மூடி போட்டு இறுக்கிக் கட்டினா ஒரு ஆளை மிதக்க வைக்கும்மா!" என்றாள். எனக்குக் காது கூர்மையாகிவிட்டது. நம் வீட்டுக் குடத்தைப் பற்றிய சமாசாரம் ஆயிற்றே!

காலித் தண்ணீர் பாட்டில்களை மூடி, கோணிக்குள் போட்டு மார்போடு கட்டிக்கொள்வது, வாழை மரங்களைக் கம்பு குத்திச் சேர்த்துத் தெப்பம் கட்டுவது, இரண்டு மூங்கிலும் ஒரு போர்வையும் வைத்துத் தூக்குக் கட்டில் செய்வது, அவிழாத முடிச்சு, இழுத்தால் உடனே அவிழும் முடிச்சு என்று நாலைந்து வகை முடிச்சுகள் போடுவது - இப்படி நாளுக்கொன்றாகச் சொன்னாள். எல்லாம் வீட்டிலும் கொல்லையிலும் கிடக்கிற பொருள்கள்தான்.

வெட்டுக்காயத்தில் காப்பித்தூளும் மஞ்சள்தூளும் அப்பாமல், சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பாம்பு கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தீக்காயத்தில் மாவும் மையும் தடவாமல், குழாய்த் தண்ணீரை விட்டுக் குளிர வைக்க வேண்டும். இதில் பாதி விஷயத்தில் நான் இத்தனை வருஷமும் தலைகீழாகத்தான் செய்திருக்கிறேன்.

யார் வந்து பாடம் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். தீயணைப்புத் துறையினர் கயிறும் தீயும் தண்ணீரும் சொல்லித் தந்தார்களாம், சுகாதாரத் துறையினர் முதலுதவி. நமக்கு அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நாலாவது பட்டாலியன் இருக்கிறது. நாடு முழுவதும் இப்படி 16 பட்டாலியன்கள். 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்த பிறகு, 2006-ல் உருவான படை அது. ஒரு மீட்புக் குழுவில் 45 பேர். அதில் மருத்துவ உதவியாளர், மின்சாரம் தெரிந்தவர், இடிபாடு அறுக்கத் தெரிந்தவர், மோப்ப நாய் பழக்குபவர் எல்லோரும் உண்டு. ஆனால் எத்தனை கெட்டிக்காரர்கள் இருந்தாலும் அரக்கோணத்திலிருந்து கடலூர் வர நேரமாகும் இல்லையா? அந்த இடைவெளியில் பக்கத்து வீட்டுக்காரர்தான் காப்பாற்ற வேண்டும். அதற்காகத்தான் 2016-ல் இந்தத் திட்டத்தை 30 மாவட்டங்களில் 6,000 பேருக்கு என்று தொடங்கிப் பார்த்து, பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்கு என்று விரிவாக்கினார்கள்.

'அடிபட்ட பாட்டி'யாக நான்!

பதினோராம் நாள் ஒத்திகை. பார்க்க வரும் குடும்பத்தார், அடிபட்டவர்களாக நடிக்கலாம் என்றார்கள். எனக்குக் கால் முறிந்த பாட்டி வேஷம்! (நாற்பத்து இரண்டு வயதுக்குப் பாட்டி வேஷமா என்று மனசுக்குள் கோபம்தான்.) ஒரு பழைய கட்டிடத்தின் படிக்கட்டில் உட்கார வைத்து, "அம்மா, நல்லா கத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் எட்டூருக்குக் கேட்கிற மாதிரி, "ஐயோ காலு போச்சே" என்று கத்தினேன்.

பயிற்சி பெற்ற பிள்ளைகள் ஓடி வந்தார்கள். என் பெண்ணும் அதில் ஒருத்தி. என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூச்சைப் பார்த்தாள், கையைப் பிடித்தாள், "பேர் என்ன?" என்று கேட்டாள். பெற்ற தாயிடம் பேர் கேட்கிறாள்! பிறகு என் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பட்டையைக் கட்டிவிட்டு, "இருங்க, வர்றேன்" என்று போயே போய்விட்டாள். சற்றுத் தள்ளி, சத்தமே இல்லாமல் ஒரு மூலையில் படுத்திருந்த பையனிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். அவனுக்குச் சிவப்புப் பட்டை.

எனக்கு வந்ததே ஆத்திரம்! ஒத்திகை முடிந்ததும், பயிற்சி தந்த தீயணைப்பு வீரர் ஒருவரிடம் கேட்டேவிட்டேன். "ஏன் சார், கத்துறவளை விட்டுட்டு சும்மா கிடக்கிறவன்கிட்ட போறாங்களே, இது என்ன நியாயம்?"

அவர் சிரித்துவிட்டுச் சொன்னார். "கத்த முடியுதுன்னா மூச்சு இருக்குன்னு அர்த்தம்மா. நீங்க கொஞ்ச நேரம் தாங்குவீங்க, அதான் மஞ்சள். சத்தம் போடாதவனுக்குத்தான் அவசரம், அவனுக்குச் சிவப்பு. தானா நடந்து வர்றவங்களுக்குப் பச்சை. உயிர் போயிட்டவங்களுக்குக் கறுப்பு. இருக்கிற நாலு கையை யாருக்கு முதல்ல கொடுக்கறதுங்கறதுதான் எங்க பாடத்துலேயே கஷ்டமான பாடம்."

எனக்குச் சுரீர் என்றது. பதினெட்டு வருஷத்துக்கு முந்திய திண்ணை கண் முன்னால் வந்து நின்றது. அழுத அம்மாளைச் சுற்றி இத்தனை பேர் நின்றோமே, சத்தமில்லாமல் கிடந்த பிள்ளையை யார் பார்த்தோம்?

அங்கேயே, பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரிடம் அந்தக் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். "என்ன செஞ்சிருக்கணும் சார்?" என்று கேட்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். வயிற்றை அழுத்தக் கூடாது, தலைகீழாகத் தூக்கக் கூடாது. அப்படிச் செய்தால் வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நேரமும் வீணாகும். சமமான இடத்தில் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்கினால் மூச்சுப் பாதை திறக்கும். மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். தண்ணீரில் மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தல், 2 முறை ஊதல். நிமிடத்துக்கு 100-லிருந்து 120 என்ற வேகத்தில், சுமார் 5 சென்டிமீட்டர் அமுங்கும்படி அழுத்த வேண்டும். இன்னொருவர் அதற்குள் 108-க்குப் போன் செய்ய வேண்டும். உதவி வரும் வரை நிறுத்தக் கூடாது.

"அப்படிச் செஞ்சிருந்தா பிழைச்சிருப்பானா?"

"அது யாராலயும் சொல்ல முடியாதும்மா. தண்ணியில எவ்வளவு நேரம் இருந்தானோ! ஆனா ஒரு வாய்ப்பு கொடுத்திருப்போம். அன்னைக்கு உங்களுக்குத் தெரியாது, எங்கள்ல பல பேருக்கும் சுனாமின்னா என்னன்னு தெரியாது. இன்னைக்குத் தெரியுது. அதுக்குத்தான் இந்தப் பன்னிரண்டு நாள்."

பொய்யாக ஆறுதல் சொல்லாத அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பெண் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "ஏம்மா இத்தனை வருஷம் சொல்லலை?" என்று மட்டும் கேட்டாள்.

கல்யாண வீட்டுச் சமையல் மாதிரி

இந்தப் பயிற்சியில் என்னைக் கவர்ந்த இன்னொரு விஷயம், ஒழுங்கு. ஒரு தலைவருக்குக் கீழே ஐந்து பேர் போல இருந்தால்தான் வேலை ஓடும், ஏழுக்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள். யாரிடமிருந்து உத்தரவு, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள்.

நம் கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். தலைமைச் சமையல்காரர் ஒருவர்தான். காய் நறுக்குகிறவரும், அப்பளம் பொரிக்கிறவரும், பரிமாறுகிறவரும் அவர் கண்ணைப் பார்த்து நடப்பார்கள். நாலு பேர் நாலு பக்கம் உப்புப் போட்டால் என்ன ஆகும்? எங்கள் திண்ணையில் அன்று நடந்தது அதுதான். நல்ல மனசு எல்லோருக்கும் இருந்தது, சொல்லி நடத்த ஒருவர் இல்லை.

ஒரிசாவில் 1999-ல் வந்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே கடற்கரையோரம் புயல் பாதுகாப்புக் கட்டிடங்கள் கட்டி, ஊர் ஊருக்குக் குழு அமைத்து, வருஷா வருஷம் ஒத்திகை நடத்தினார்கள். 2013-ல் பைலின் என்ற கடும்புயல் வந்தபோது லட்சக்கணக்கான ஜனங்களை முன்கூட்டியே அப்புறப்படுத்திவிட்டார்கள். ஒடிசாவில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. காற்றைக் குறைக்க மனுஷரால் முடியவில்லை, சாவைக் குறைக்க முடிந்தது.

டிசம்பர் 2, திங்கட்கிழமை

ஹெல்மெட், மிதவைச் சட்டை, டார்ச், முதலுதவிப் பெட்டி எல்லாம் அடங்கிய பை ஒன்றும் என் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அது இரண்டு வருஷம் எங்கள் பரணில் இருந்தது. "கல்யாணச் சீர் மாதிரி பத்திரமா வெச்சிருக்கா" என்று மாமியார் கேலி செய்வார்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. 2011-ல் தானே புயல் எங்கள் பண்ருட்டி முந்திரியையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போன மாதிரி இது காற்றினால் அடிக்கவில்லை. நகராமல் நின்று மழையாகக் கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. புயல்தான் போய்விட்டதே என்று நாங்கள் மூச்சு விடும்போது, டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கும் மேலாகத் தண்ணீர் திறக்கப்படுவதாகச் செய்தி வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் திறக்கும் அந்தத் தண்ணீர் தென்பெண்ணையாறு வழியாக எங்கள் பக்கம்தான் கடலுக்கு வர வேண்டும்.

என் நாத்தனார் வீடு பெண்ணையாற்றங்கரையில். என் பெண் பரணிலிருந்து பையை இறக்கிக்கொண்டே போனில் பேசினாள். "அத்தை, மெயின் சுவிட்சை அணைச்சிடுங்க. சிலிண்டரை மூடிக் கழட்டிக் கட்டி வைங்க. தாத்தாவோட சர்க்கரை மாத்திரை, ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில. இப்பவே கிளம்புங்க, தண்ணி வந்தப்புறம் இல்ல."

நாத்தனாரின் மாமியார் மாட்டை விட்டு வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். "கட்டிப் போட்டாத்தான் பாட்டி சாகும். அவிழ்த்து விடுங்க, மேட்டைப் பார்த்துப் போயிடும்" என்று அவருக்கும் போனிலேயே சொன்னாள். பிறகு, "அம்மா, குழுவுல கூப்பிட்டுட்டாங்க, போயிட்டு வர்றேன்" என்று என் முகத்தைப் பார்த்தாள்.

பொய் சொல்ல மாட்டேன். எனக்குக் கை கால் ஆடியது. "போகாதே" என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கிக்கொண்டு, நாலு இட்டிலியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

அவள் சாயங்காலம் வரும் வரை நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். வந்தவள் சேறும் சகதியுமாக உட்கார்ந்து சொன்னாள். நடக்க முடியாத முதியவர்களைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேராகத் தூக்கி வந்தார்களாம். நாத்தனாரின் மாமியாரும் அப்படித்தான் வந்து சேர்ந்தார். ஒரு வாலிபன், வண்டியை எடுக்கப் போகிறேன் என்று ஓடும் தண்ணீரில் இறங்கப் பார்த்தான். முழங்கால் அளவுதானே என்றானாம். முழங்கால் அளவு ஓடும் தண்ணீரே ஆளைத் தள்ளிவிடும் என்று சொல்லி மறித்ததற்கு வாய்க்கு வந்தபடி திட்டினானாம்.

பிறகு மெதுவாக ஒன்று சொன்னாள். "அம்மா, ஒரு ஆட்டுக்குட்டி தண்ணியில போச்சு. கத்திக்கிட்டே போச்சு. நாலடி தூரம்தான். எனக்கு இறங்கணும்னு தோணுச்சு. ஆனா கயிறு கட்டாம, ஆழம் தெரியாத ஓடுற தண்ணியில இறங்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. முதல்ல கரையில இருந்து கையோ கம்போ நீட்டு, எட்டலைன்னா கயிறோ மிதவையோ வீசு, அதுவும் முடியலைன்னா படகு. தானா இறங்குறது கடைசி. கம்பு எட்டலை. விட்டுட்டேன்மா." சொல்லிவிட்டு அழுதாள்.

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். இந்தப் பயிற்சி என் பெண்ணைத் துணிச்சல்காரி ஆக்கி, ஆபத்தில் தள்ளிவிடும் என்றல்லவா பயந்தேன்? எப்போது இறங்கக் கூடாது என்பதையல்லவா முதலில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்! நான் இருபது வருஷமாக அவளுக்குக் கொடுத்த பயத்துக்கு இந்த உபயோகம் இல்லை.

அடுத்த இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இதற்கும் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்களாம். மீட்பு வேலை செய்தவர்கள் மனசுக்குள் போட்டுப் புழுங்காமல் கூட வேலை செய்தவர்களோடு பேச வேண்டும், தூங்க வேண்டும் என்று. குழுவில் இருந்த பெண்கள் இருவர் வீட்டுக்கு வந்து ராத்திரி வரை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அடை வார்த்துப் போட்டேன். மூன்றாம் நாள் சரியாகிவிட்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த முகாமில் சமையலுக்குப் போனேன். அங்கே ஒரு விஷயம் கண்டேன். அரிசி, பருப்பு, போர்வை எல்லாம் வந்திருந்தது. வயதுப் பெண்கள் மட்டும் ஒரு மூலையில் சங்கடமாக உட்கார்ந்திருந்தார்கள். விசாரித்தால், மாதவிலக்குக்கு வேண்டிய துணியோ நாப்கினோ ஒன்றும் இல்லை. கேட்க வெட்கம். ஆண்களே நிர்வாகம் செய்யும் இடத்தில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? கடைக்கு ஆள் அனுப்பி வாங்கிக் கொடுத்தேன். இந்த வேலைக்குப் பெண்களும் பயிற்சி பெற்று வர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

நம் வீட்டில் செய்யக்கூடியவை

எல்லோராலும் 12 நாள் போக முடியாது. வயதும் 40-ஐத் தாண்டிவிட்டது என்கிறீர்களா? எனக்கும் அதே கதைதான். ஆனால் இவற்றைச் செய்யலாம்:

* ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம், பாங்க் புத்தகம், மருந்துச் சீட்டு - எல்லாவற்றின் நகலும் ஒரு பிளாஸ்டிக் உறையில், கைக்கெட்டும் இடத்தில்.

* ஒரு பையில் டார்ச், தீப்பெட்டி, ஒரு வாரத்துக்கு வேண்டிய மாத்திரைகள், மாற்றுத் துணி, நாப்கின், பிஸ்கட், குடிதண்ணீர். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு தடவை எடுத்துப் பார்த்து மாற்றுங்கள்.

* மெயின் சுவிட்சை அணைக்கவும், சிலிண்டரை மூடிக் கழற்றவும் வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். வெள்ளம் வடிந்த பிறகு, எலக்ட்ரீஷியன் பார்க்காமல் சுவிட்சைப் போடாதீர்கள்.

* வெள்ளம் புகுந்த வீட்டில் பாம்பு இருக்கலாம். கம்பால் தட்டிப் பார்த்துவிட்டே அலமாரியிலும் துணி மூட்டையிலும் கை வையுங்கள்.

* தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

* கலைந்து போனால் எங்கே சந்திப்பது என்று ஒரு மேடான இடத்தைக் குடும்பத்தோடு பேசி வையுங்கள்.

* மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, ஆம்புலன்ஸுக்கு 108, அவசர உதவிக்கு 112. சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

* நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முறையைப் படித்தால் மட்டும் வராது. தெரிந்தவர் பக்கத்திலிருந்து கைபிடித்துச் சொல்லித்தர வேண்டும். உங்கள் ஊரில் முதலுதவி வகுப்பு நடந்தால் அவசியம் போங்கள்.

எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவில் இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை என் பெண் வகுப்பு எடுக்கிறாள். கற்றது மறந்து போகாமல் இருக்க அவளுக்கும் அது நல்லது. பொம்மை கிடைக்காத நாளில் இறுக்கமான தலையணைதான். போன தடவை நான் அழுத்தினேன். ஒரே நிமிடத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. "நிறுத்தாதேம்மா, இன்னும் ஆம்புலன்ஸ் வரலை" என்று அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். என் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து, "நல்லா அமுக்கு, பாதியில விடாதே" என்று அதட்டினார்! அந்தத் திண்ணைப் பையனை நினைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு நிமிடம் அழுத்தினேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெண்ணும் ஒரு நாள் இப்படியொரு பாரத்தைக் கொண்டுவந்து நீட்டலாம். என்னைப் போல இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அடுப்பைச் சற்றுத் தணித்துவிட்டு, முழுவதும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.